நேற்று இரவு மூன்று மணி

ஜூலை 6, ஞாயிறு

வென்றோம். 22–10. பதினேழு ஜேர்சிகளைத் தோய்த்துக் கொடியில் போட்டிருக்கிறேன். ரோசாவும் சாம்பலும். எங்கள் கழகத்தின் பெயர் பெம்பர்ட்டன் பார்க் கலாஸ். கலா என்பது சிட்னியில் எங்கும் திரியும் ஒரு கிளி. கூட்டமாக வந்திறங்கி ஓயாமல் சத்தம் போடும். இந்த ஊர்ப் பேச்சில் மடையனையும் கலா என்றுதான் சொல்வார்கள். மூன்று வருடத்துக்கு முன் மகளை றக்பிக்குச் சேர்க்கப் போனபோது அதைக் கேள்விப்பட்டு, சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்தேன்.

அந்த வருடமே என்னைப் பதிவாளராக்கிவிட்டார்கள். ஆண்டுக் கூட்டத்தில் சொசேஜ் இன்னும் இருக்கிறதா என்று கேட்கக் கையை உயர்த்தினேன். அந்த நேரம் பார்த்துப் பதிவாளர் வேலைக்கு ஆள் கேட்டிருக்கிறார்கள். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் விலாசம் மூன்றையும் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுக் கணினியில் ஏற்றுவதுதான் வேலை. தொங்கா, லெபனான், குஜராத், யாழ்ப்பாணம் என்று எந்தத் தேசத்து நீளப் பெயரையும் எழுத்துப்பிழை இல்லாமல் ஏற்றுகிறவன் மாவட்டத்திலேயே நான் ஒருவன்தான். ஊரில் பத்திரிகையொன்றில் வாராவாரம் நகைச்சுவைப் பத்தி எழுதியவன். இங்கே லொறி உதிரிப்பாகக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறேன். எழுத்து வேலை என்று மிச்சமிருப்பது இது.

மகள் யதுசா பதின்மூன்று வயதுக்குட்பட்ட பெண்கள் அணியில் ஆடுகிறாள். அவளுடைய இடத்துக்கு ‘ஐந்து எட்டு’ என்று பெயர். பின்னம்தான், எட்டில் ஐந்து. கோயிலில் ஒருவர் கேட்டு நான் அப்படியே சொல்ல, “ஏன் தம்பி, எட்டுக்கு எட்டு எடுக்கேலாதோ? ரியூசன் குடுத்துப் பாருமன்” என்றார். பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இன்று மைதானக் கன்டீனில் மலர் என்னைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய மகளும் இதே அணி. கராஜில் சேலை விற்கிறாள். சேலை வாங்கப் போகிறவர்கள் செய்தி கொடுத்துவிட்டுச் சேலை கொண்டு வருவார்கள்.

“காந்தன் அண்ணை, கௌரி அக்கா எப்ப வாறா?”

“செப்ரெம்பரில. ஆறு மாத ஒப்பந்த வேலைதானே பிள்ளை.”

“பிறிஸ்பன் பக்கம் நேர்ஸ்மாருக்கு நல்ல சம்பளமாம்.”

“ஓம்.”

“கிரைண்டரையும் கொண்டு போட்டாவாம்.”

“ஆர் சொன்னது?”

“உங்கட மோள்தான் என்ர மோளிட்டச் சொன்னதாம், வீட்டில இப்ப தோசை இல்லையெண்டு.”

ஆறு மாதத்துக்கு வேலைக்குப் போகிற மனைவி கிரைண்டர் கொண்டுபோகக்கூடாது என்று சட்டம் ஒன்றுமில்லை. அங்கேயும் தோசை சாப்பிட வேண்டும்தானே.

ஜூலை 8, செவ்வாய்

மஞ்சள் மூடிக் குப்பை வாளியை வெளியே வைத்தேன். இது பச்சை மூடி வாரமாம். திரும்ப உள்ளே வைத்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

மில்கிறீக் டிங்கோஸை வென்றோம், 16–12. யதுசா எல்லைக்கோட்டைத் தாண்டி விழுந்து, பந்தை மண்ணில் வைத்து ஒரு ட்ரை போட்டாள். எழும்பியபோது மூக்கில் மண். பார்வையாளர் பக்கம் பார்த்தாள். நான் கன்டீனுக்குள் சொசேஜ் பிரட்டிக்கொண்டிருந்தேன். கரண்டியைத் தூக்கிக் காட்டினேன். கண்டாளோ தெரியாது.

பட்டியலில் மூன்றாம் இடம். ஓகஸ்ட் பத்தாம் தேதி அரையிறுதி. முதல் நாலு அணிக்குத்தான் இடம். கழகம் தொடங்கிப் பெண்கள் அணி ஒன்று அவ்வளவு தூரம் போனதில்லை.

கன்டீன் வரிசை நீளமாக இருந்தது. நீளமான வரிசையைக் கண்டால் எனக்குப் பழைய பத்தி ஞாபகம் வந்துவிடும். வாசகர்கள் நிற்கிறார்கள், நான் தொடங்கினேன். “எங்கள் வீட்டில் பிள்ளைக்கு இரண்டு பிறந்தநாள். அரசாங்கத்துக்கு டிசெம்பர் முப்பத்தொன்று. கேக்குக்கு ஜனவரி ஒன்று. வெள்ளைக்காரனுக்கு நடுச்சாமத்தில் நாள் பிறக்கும். எங்கள் ஆட்களுக்கு விடிந்தால்தான் நாள். இவள் நடுவிலே பிறந்துவிட்டாள்.” வரிசை முழுக்கச் சிரித்தது. நீல ஜக்கெட் போட்ட ஒரு பெண் மிக நன்றாகச் சிரித்தார். இரண்டு தேநீர் வாங்கினார். சீனி வேண்டாம் என்றார்.

கன நாளைக்குப் பிறகு ஒரு நல்ல கூட்டம்.

ஜூலை 15, செவ்வாய்

மாவட்ட அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல். டிங்கோஸ் கழகம் ஆட்சேபம் தெரிவித்திருக்கிறதாம். யதுசா பத்மகாந்தன் வயது கூடிய ஆட்டக்காரி என்று நம்ப இடமுண்டாம். கையெழுத்து: டெபி, அணி முகாமையாளர். நீல ஜக்கெட்டாகத்தான் இருக்க வேண்டும்.

கணக்கு இதுதான். கோடு ஜனவரி ஒன்றில் கிடக்கிறது. 2012இல் பிறந்தவர்கள் பதின்மூன்று அணி. 2011 என்றால், கடைசி நாள் கடைசி நிமிடமானாலும், பதினான்கு அணி. எங்கள் கழகத்தில் பதினான்கு பெண்கள் அணி இல்லை. அந்த வயதில் எட்டுப் பேர்தான் இருக்கிறார்கள், பதின்மூன்று பேர் வேண்டும். பாஸ்போர்ட்டில் யதுசா 31.12.2011. கழகப் பதிவில் 01.01.2012. பதிந்தவன் நான்.

ஆட்சேபம் சரியென்றால் அவளுக்கு இந்த வருடம் ஆட்டம் இல்லை. அவள் ஆடி வென்ற ஆட்டங்களின் புள்ளிகளும் போகலாம். போனால் பதினேழு பிள்ளைகளின் அரையிறுதியும் போகும்.

கோச்சர் மெலே போன் எடுத்தார். தொங்காக்காரி, பகலில் பஸ் ஓட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார்.

“எந்தத் தேதி உண்மை?” என்று கேட்டார்.

“இரண்டும்.”

“ஒன்றைச் சொல்லு.”

“ஜனவரி ஒன்று.”

“அப்படியானால் அதை நிரூபி” என்று சொல்லி வைத்துவிட்டார்.

இரவுக்கு நூடில்ஸ்.

ஜூலை 16, புதன்

இது நேர்மையான பிழை என்று இங்கே எழுதி வைக்கிறேன். பெப்ரவரியில் நூற்றுநாற்பது பிள்ளைகளைப் பதிந்தேன். சொந்தப் பிள்ளையின் பிறந்தநாளுக்கு யார் பாஸ்போர்ட் பார்ப்பார்கள்? கேக் வெட்டுகிற தேதி கையில் வந்தது, தட்டினேன்.

அவள் பிறந்தது ஜனவரி ஒன்று அதிகாலை மூன்றேகாலுக்கு. எனக்குத் தெரியாதா? ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவ அறை வாசலில் நின்று முதல் அழுகையைக் கேட்டவன். அதை வைத்து ஒரு பத்தியும் எழுதினேன். நிறையப் பேர் பாராட்டினார்கள். முப்பத்தொன்று என்று பதிவானது அந்தக் காலத்துக் குழறுபடி.

நிரூபிக்கலாம். ஆஸ்பத்திரியில் கொடுத்த கிளினிக் காட் என்ற அட்டையில் நேரம் எழுதியிருக்கும். பிள்ளையின் கடதாசிகள் எல்லாம் ஒரு பச்சைக் கோப்பில் இருந்தன. கோப்பு பிறிஸ்பனில் இருக்கிறது.

ஜூலை 18, வெள்ளி

கௌரிக்குப் போன் எடுக்கவில்லை. சலவை இயந்திர வடிகட்டியைக் கழற்றித் துப்புரவாக்கினேன். நாலு தலைக் கிளிப், ஒரு பல்லுக் காப்பு, மாவட்டம் முழுவதற்கும் போதுமான புல்.

ஜூலை 20, ஞாயிறு

மழை. மைதானம் மூடிவிட்டார்கள். ஆட்டம் இல்லை.

ஞாயிறு ஏழு மணிக்குக் கௌரி பிள்ளையோடு கதைப்பாள். யதுசா அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள். நான் அந்த நேரத்தில் பாத்திரம் கழுவுவது வழக்கம். குழாயை மெல்லத் திறந்தால் தண்ணீர் சத்தம் அவ்வளவாக இருக்காது. இன்று கழுவ இரண்டு கோப்பைதான் இருந்தது. நாலு தரம் கழுவினேன்.

வெளியே வந்தபோது கேட்டேன்.

“குஞ்சு, அம்மாட்ட அந்தக் காட்டைப் பற்றி ஒருக்காக் கேட்டனீரோ?”

“இல்லை.”

“ஏன்?”

“நீங்களே கேளுங்கோ அப்பா. உங்கட ஆள்தானே.”

சொல்லிவிட்டு பிரிட்ஜைத் திறந்து, பார்த்து, மூடினாள்.

ஜூலை 22, செவ்வாய்

எடுத்தேன். மதியம், கிடங்கின் பின்பக்கம், பலகைகள் அடுக்கியிருக்கிற இடத்தில் நின்று.

“ஹலோ, நான்தான்.”

“தெரியும். நம்பர் கிடக்குது.”

“சாப்பிட்டிட்டீரோ?”

“விசயத்தைச் சொல்லுங்கோ. எனக்குப் பதினைஞ்சு நிமிசம்தான் பிறேக்.”

சொன்னேன். நடுவில் இரண்டு பகிடி விட்டேன். நல்ல பகிடிகள்தான்.

“காட் என்னட்ட இருக்கு. படம் எடுத்து அனுப்புறன்” என்றாள். “விசாரணைக்குப் போனில வரச் சொன்னாலும் வாறன். பிள்ளைக்காகத்தான்.”

“ஓம், விளங்குது.”

“இன்னொண்டு. அவையள் கேட்டால் நான் உள்ளதைத்தான் சொல்லுவன்.”

“உள்ளதைத்தானே சொல்லோணும்.”

பிறகு, “இரவில இருமுறாளோ?” என்றாள்.

“இல்லை.”

இருமுகிறாளா என்று எனக்குத் தெரியாது. வைத்த பிறகு பார்த்தேன், நாலு நிமிடம்தான் பேசியிருக்கிறோம். மிச்சப் பதினொரு நிமிடத்தை அவள் என்ன செய்தாளோ.

ஜூலை 27, ஞாயிறு

தோற்றோம், 8–14. விசாரணை முடியும்வரை யதுசா ஆடக்கூடாது என்று மெலே சொல்லிவிட்டார். தண்ணீர்ப் போத்தல் தூக்கிக்கொண்டு ஓடினாள். மலர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அது நல்லதல்ல.

ஜூலை 30, புதன்

விசாரணை ஆறரைக்கு. மாவட்ட லீக் அலுவலக மாடியில் நீளமான மேசை, கேடயங்கள், சூடாக்கி வேலை செய்யவில்லை. தலைவர் கொலின் என்பவர். முன்னாள் ஆட்டக்காரர், காதுகள் இரண்டும் மசித்த உருளைக்கிழங்கு மாதிரி. அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர். எதிரே டெபி, நீல ஜக்கெட். என்னைக் கண்டு, “மன்னிக்க வேண்டும், உங்கள் கதை நன்றாகத்தான் இருந்தது” என்றார். உண்மையாகவே சொன்னார். எங்கள் பக்கத்தில் நான், மெலே, யதுசா. பள்ளிச் சீருடையோடு வந்திருந்தாள்.

மேசை நடுவே போனை வைத்து ஸ்பீக்கரில் போட்டார்கள். கௌரி ஆஸ்பத்திரி ஆங்கிலத்தில் பேசினாள். கிளினிக் காட்டின் படத்தைக் கொலின் மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார்.

“அம்மா, இதில் ஜனவரி ஒன்று, காலை மூன்று பன்னிரண்டு என்று இருக்கிறது. பிறகு ஏன் சான்றிதழில் முந்தைய நாள்?”

“பதிவுக்குப் போனது என் கணவர்” என்றாள். “பிள்ளை பிறந்தபோது அவர் அங்கே இல்லை. வருடப் பிறப்புக்கு நண்பர் வீட்டில் இருந்தார். காலை எட்டு மணிக்கு வந்தார். வாசலில் நின்ற ஊழியரிடம் எப்போது பிறந்தது என்று கேட்டார். அவர் ‘நேற்று இரவு மூன்று மணி’ என்றார். எங்கள் மொழியில் விடியும்வரைக்கும் நேற்று இரவுதான். இவர் நேற்றைக்கு என்ன தேதி என்று பார்த்து, அதையே பதிவில் கொடுத்துவிட்டார்.”

கொலின் எழுதிக்கொண்டார். கௌரி இன்னும் ஒன்று சொன்னாள்.

“என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் உள்ளேதான் இருந்தேன்.”

குரலில் கோபம் இல்லை. நோயாளியின் காய்ச்சல் அளவைச் சொல்கிற மாதிரி இருந்தது. யதுசா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் அழுகை பற்றிய பத்தியை நான் அவளுக்கு இரண்டு மூன்று தரம் வாசித்துக் காட்டியிருக்கிறேன்.

மூவரும் குனிந்து குசுகுசுத்தார்கள். பிறகு கொலின் சொன்னார். காட்டை அவர் நம்புகிறார். ஆனால் விதிப்படி பாஸ்போர்ட்தான் ஆவணம். ஆகவே பிள்ளை பதினான்கு அணி. பதின்மூன்றில் ஆட முடியாது. மிச்சம் இருப்பது புள்ளிகள். பதிவாளர் ஆவணத்தைப் பார்க்காமல் பதிந்திருந்தால் அது அலுவலகத் தவறு, புள்ளிகள் இருக்கும், அணி அரையிறுதிக்குப் போகலாம். பார்த்துவிட்டு வேறு தேதி போட்டிருந்தால் கழகத்தின் குற்றம், புள்ளிகள் போகும்.

“பாஸ்போர்ட்டைப் பார்த்தீர்களா?” என்று என்னிடம் கேட்டார். கேட்கும்போதே தலையை இல்லை என்கிற மாதிரி மெதுவாக ஆட்டினார். நல்ல மனிதர். விடையையும் சேர்த்தே தந்தார்.

இப்போது எழுதத்தான் வேண்டும். பெப்ரவரியில் சாப்பாட்டு மேசையில் இருந்து பதிந்தேன். பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்து 31.12.2011 என்றுதான் தட்டினேன். ‘இந்த வயதுக்கு இக்கழகத்தில் அணி இல்லை’ என்று சிவப்பில் வந்தது. பக்கத்தில் இருந்து சீரியல் சாப்பிட்டுக்கொண்டிருந்த யதுசா, “அப்ப நான் விளையாடேலாதோ?” என்று கேட்டாள். அன்று காலைதான் கௌரி தன் சட்டைகளை மடித்து அடுக்கத் தொடங்கியிருந்தாள். ஒரு நாளைக்கு ஒரு செய்தி போதும் என்று பட்டது. அழித்துவிட்டு மற்றத் தேதியைத் தட்டினேன். பச்சையில் வந்தது. மூன்று பேருக்கும் தெரிந்த உண்மைத் தேதிதானே என்று சொல்லிக்கொண்டேன். இன்றைக்கும் சொல்லலாம்.

“பார்த்தேன்” என்றேன்.

மெலே என் பக்கம் திரும்பினார். கொலின், “கேள்வி விளங்கியதா?” என்று கேட்டார். விளங்கியது என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசிக்கிறேன். நேர்மை என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி ஒன்றும் இல்லை. போனில் அவள் மூச்சு விடுவது கேட்டுக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு மற்ற விடை வாயில் வரவில்லை, அவ்வளவுதான்.

ஆறு வெற்றிகளின் புள்ளிகள் போயின. மூன்றாம் இடத்திலிருந்து ஏழாம் இடம். நான் அடுத்த வருடம் எந்தக் கழகத்திலும் பதவி வகிக்கக் கூடாது. ஆண்டுக் கூட்டம் வரைக்கும் பதிவாளர் வேலையைத் தொடரலாமாம். வேறு யாரும் செய்யமாட்டார்கள் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

காரில் வரும்போது பெரிய சந்திச் சிவப்பு விளக்கில் நின்றோம். யதுசா சொன்னாள்.

“நீங்கள் பாக்கேல்லை எண்டு சொல்லியிருக்கலாம்.”

“அது பொய்யெல்லோ குஞ்சு.”

“எத்தினை பொய் சொல்லுறீங்கள் அப்பா. அம்மா செப்ரெம்பரில வருவா எண்டு எல்லாருக்கும் சொல்லுறீங்கள். ஒரு பொய் எங்களுக்காகச் சொல்லியிருக்கலாம்.”

சிக்னல் பச்சையாகிப் பின்னால் நின்றவன் ஹோன் அடிக்கும்வரை நான் காரை எடுக்கவில்லை.

ஓகஸ்ட் 1, வெள்ளி

பயிற்சிக்கு முன் பிள்ளைகளுக்கு மெலே சொன்னார். நானும் நிற்க வேண்டும் என்றார், நின்றேன். எவ்வளவோ சொல்லவேண்டும் என்று ஆயத்தப்படுத்திக்கொண்டு போனேன். பிள்ளைகள் என்னைப் பார்க்கவில்லை. பிழை என்னுடையது என்று மட்டும் சொன்னேன். யாரோ ஒரு பிள்ளை அழத் தொடங்க, மெலே அவர்களை ஓடச் சொன்னார். இருட்டும்வரை ஓடினார்கள்.

ஜேர்சிப் பையைத் தூக்கப் போனேன். “அதை நான் தோய்க்கிறேன்” என்று மெலே வாங்கிக்கொண்டார்.

மலர் கார் நிறுத்தும் இடத்தில் நின்றாள்.

“அண்ணை, கொஞ்ச நாளைக்குக் கன்டீன் பக்கம் வராதேங்கோ. சனம் கொதிச்சுக்கொண்டு நிக்குது.”

“சரி பிள்ளை.” பிறகு சொன்னேன், “கௌரி வரமாட்டா மலர்.”

“தெரியும் அண்ணை.”

“எப்ப தொடக்கம்?”

“கிரைண்டர் போன நாள் தொடக்கம்.”

“பிறகு ஏன் ஒவ்வொரு கிழமையும் எப்ப வாறா எண்டு கேட்டனீர்?”

“நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு பாத்தனான்” என்றாள். “எல்லாருக்கும் தெரியும். மெலேக்கும் தெரியும். கோயிலில ஐயருக்கும் தெரியும்.”

ஊருக்கெல்லாம் செய்தி சொல்கிறவன் நான். என் வீட்டுச் செய்தி கடைசியாகத்தான் எனக்கு வந்திருக்கிறது.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

அரையிறுதி நடந்திருக்கும். வெயில் நன்றாக இருந்தது. போர்வைகளைத் தோய்த்தேன்.

ஓகஸ்ட் 24, ஞாயிறு

ஏழு மணிக்கு யதுசா கதவைத் திறந்தே வைத்துக் கதைத்தாள். பிறிஸ்பனில் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் ஒரு கழகம் இருக்கிறதாம், பதினான்கு பெண்கள் அணி இரண்டு இருக்கிறதாம். நான் குழாயை நிறுத்திவிட்டேன். போனை வைத்துவிட்டு வந்து நின்றாள்.

“நான் போகட்டே அப்பா?”

“றக்பிக்கோ?”

“எல்லாத்துக்கும்.”

“ஓம், போமன்” என்றேன். இன்னும் ஏதோ சொல்ல வாய் திறந்தேன், பகிடிதான் வந்தது. அதை விழுங்கிவிட்டேன். அவள் துவாயை எடுத்து இரண்டு கோப்பைகளையும் துடைத்து வைத்தாள்.

செப்ரெம்பர் 27, சனி

விமான நிலையம். 11.20 விமானம். யதுசாவின் பயணப்பை இருபத்திரண்டு கிலோ.

செப்ரெம்பர் 28, ஞாயிறு

ஏழு மணிக்குப் போன் வந்தது. எனக்கு.

நவம்பர் 4, செவ்வாய்

கழகக் கணினிக்குள் நுழைந்தேன். வியாழக்கிழமை ஆண்டுக் கூட்டம், அதற்குப் பிறகு என் கடவுச்சொல் வேலை செய்யாது. ஒரு கோரிக்கை காத்திருந்தது.

ஆட்டக்காரர் வேறு கழகத்துக்கு மாறுவதென்றால் பழைய கழகத்தின் பதிவாளர் விடுவிக்க வேண்டும். பெயர்: யதுசா பத்மகாந்தன். விலாசம்: பிறிஸ்பன். மாற்றத்துக்கான காரணம்: குடிபெயர்வு. பிறந்த தேதி 31.12.2011. கௌரிதான் நிரப்பியிருக்கிறாள். பதின்மூன்று வருடம் அந்தத் தேதியை ஏற்க மறுத்து, ஜனவரி ஒன்றில்தான் கேக் வெட்டினவள், பாஸ்போர்ட்டில் உள்ளதை உள்ளபடி போட்டிருந்தாள்.

கீழே இரண்டு பொத்தான்கள். விடுவிக்கிறேன், மறுக்கிறேன். மறுப்பதென்றால் காரணம் தெரிவுசெய்ய வேண்டும். கழகப் பொருள் திருப்பித் தரப்படவில்லை, ஆட்டக்காரர் தடையில் இருக்கிறார், இப்படி நாலு. நாலும் பொருந்தவில்லை. வேறு காரணம் எழுத இடம் விடவில்லை.

பத்து நாள் ஒன்றும் செய்யாமல் இருந்தால் தானாகவே விடுவிக்கப்படும் என்று சின்ன எழுத்தில் இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மா இருப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

விடுவிக்கிறேன் என்பதை அமத்தினேன். விடுவித்தவர் என்று என் பெயரும், பக்கத்தில் தேதியும் நேரமும் தானாக விழுந்தன. கைபேசியை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன்.

தேதி சரியாக இருந்தது.